வேலையைப் பிரித்தால் வேலையே மாறும்: மெஷினிங் லைனின் கணக்கு

பினாங்கின் தொழிற்சாலைகள் என்றதும் சிப்புதான் நினைவுக்கு வரும். 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கியது. இன்டெல், ஏஎம்டி, ஹியூலட் பேக்கார்ட், ஹிட்டாச்சி, போஷ் என்று அடுத்தடுத்து வந்து இறங்கின. அந்தப் பெரிய ஆலைகளுக்கு ஜிக்கும் ஃபிக்ஸ்சரும் (பாகத்தை அசையாமல் பிடித்து வைக்கும் சாதனங்கள்) அச்சும் செய்து கொடுத்தே வளர்ந்த, உலோகத்தை வெட்டிப் பாகம் செய்யும் மெஷினிங் பட்டறைகளைப் பற்றி வெளியே பேச்சு குறைவு. தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறை, புக்கிட் மெர்தாஜாம், சிம்பாங் அம்பாட் என்று போனால், பார்க்கச் சாதாரணக் கிடங்கு மாதிரி இருக்கும் கட்டடங்களுக்குள், கணினிப் புரோகிராமில் ஓடும் சி.என்.சி. மெஷின்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும். அவற்றின் முன்னால் நிற்பவர்களில் நம் ஆட்களும் உண்டு.

இந்தப் பட்டறைகளுக்கு ஒரு கட்டம் வரும். பத்து, இருபது என்று மாதிரிக்குச் செய்து கொடுத்த பாகத்தை வாடிக்கையாளர் திடீரென்று வாரத்துக்கு 1,800 வேண்டும் என்பார். தவ்கேவுக்கு (முதலாளிக்கு) மகிழ்ச்சி, இஞ்சினியருக்குத் தூக்கம் போகும். எத்தனை மெஷின் வாங்குவது? எந்த மெஷினிடம் எந்த வேலையைக் கொடுப்பது? லைன் பேலன்சிங் என்று இதற்குப் பெயர். பாடப்புத்தகத்தில் சில பக்கங்களில் முடிந்துவிடும். அந்தப் பக்கங்களை மட்டும் நம்பி மெஷினுக்கு ஆர்டர் கொடுத்தால் எங்கே இடிக்கும் என்று பார்ப்போம்.

கணக்கு பிறந்த இடம் அசெம்பிளி லைன். 1913இல் ஹைலண்ட் பார்க்கில் ஃபோர்டு கார்களை நகரும் வரிசையில் பூட்ட ஆரம்பித்தார்கள். 1955இல் சால்வெசன் என்பவர் அந்தப் பிரச்சினையைக் கணித வடிவத்தில் எழுதினார். வேலைகளைத் துண்டு துண்டாகப் பட்டியல் போட வேண்டும். எது முன், எது பின் என்று குறிக்க வேண்டும். ஒரு நிலையத்தில் (ஒரு ஆளோ மெஷினோ தன் பங்கு வேலையைச் செய்யும் இடம்) சேரும் நேரம் ஒரு வரம்பைத் தாண்டாமல், நிலையங்கள் முடிந்தவரை குறைவாக வரும்படி பிரிக்க வேண்டும். இதில் ஒரு எடுகோள் ஒளிந்திருக்கிறது. மொத்த வேலை மாறாது, பிரிப்பது மட்டுமே நம் கையில் என்பதுதான் அது. தைப்பூசத்துக்குப் பினாங்கின் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் வழியில், பந்தல்களில் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டுகிறவர்களுக்கு அது பொருந்தும். சோறு வைக்க ஒருவர், குழம்பு ஊற்ற ஒருவர், கட்ட ஒருவர் என்று எத்தனை பேருக்குப் பிரித்தாலும் ஒரு பொட்டலத்துக்கான வேலை ஏறத்தாழ அதேதான். உலோகம் வெட்டும் இடத்தில் பொருந்தாது. அங்கே பிரிக்கப் பிரிக்க மொத்தமே மாறிக்கொண்டு போகும்.

ஒரு கற்பனைப் பாகத்தை வைத்துப் பேசுவோம். உள்ளங்கை அளவில், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஒரு வால்வு பாடி. அடிப்பக்கத்தைச் சமமாக்க 70 வினாடி. அதில் பிடிமானத்துக்கான பின் துளைகள் 40. மேற்பக்கத்தை முரட்டு வெட்டாகச் சீவ 95, அதையே நைசாக முடிக்க 60. பக்கவாட்டில் ஒரு பள்ளம் 110. நடுவில் ஒரு போர் (துல்லியமான பெரிய துளை) 80, அதோடு ஒரே மையத்தில் வர வேண்டிய பேரிங் இருக்கை 45. பன்னிரண்டு துளைகள் 65, அவற்றில் மரை வெட்ட 50. தொடர் எண் பொறிக்க 35. டூல் மாறும் நேரமெல்லாம் இதற்குள்ளேயே அடக்கம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 650 வினாடி.

அடுத்தது, எவ்வளவு வேகம் தேவை என்பது. 2023 ஜனவரி 1 முதல் மலேசியச் சட்டப்படி வாரத்துக்கு வேலை நேரம் 45 மணி. இரண்டு ஷிப்ட் என்றால் 90 மணி, அதாவது 324,000 வினாடி. 1,800ஆல் வகுத்தால் 180. மூன்று நிமிடத்துக்கு ஒரு பாகம் லைனிலிருந்து வெளியே வர வேண்டும். இதை டாக்ட் நேரம் என்பார்கள். பழைய 48 மணி வாரமாக இருந்திருந்தால் இது 192 வினாடி. சட்டம் குறைத்தது மூன்றே மணி நேரம் என்றாலும், ஓ.டி. (கூடுதல் நேர வேலை) இல்லாமல் திட்டம் போடுகிறவருக்கு ஒவ்வொரு பாகத்திலும் 12 வினாடி காணாமல் போயிருக்கிறது.

650ஐ 180ஆல் வகுத்தால் 3.6. ஆக, நாலு மெஷின் போதும் என்று பாடப்புத்தகம் சொல்லும். போதாது. கதவைத் திறந்து, முடிந்த பாகத்தைக் கழற்றி, ஃபிக்ஸ்சரில் சிக்கிய சீவலை ஏர் கன்னால் ஊதி, அடுத்ததை வைத்து இறுக்கி, கதவை மூடி ஸ்டார்ட் அமுக்க 25 வினாடி என்று வையுங்கள். பழகிய கைக்கே அவ்வளவு ஆகும். நாலு நிலையத்துக்கு 100 வினாடி கூடி, மொத்தம் 750 ஆகிவிட்டது. நாலு மெஷின் தரக்கூடியது 720. ஐந்தாவது மெஷின் வாங்கியே ஆக வேண்டும், அதுவும் தன் பங்குக்கு இன்னொரு 25ஐச் சேர்க்கும்.

நேரம் மட்டுமா? ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் பாகம் சில மைக்ரான் நகர்ந்து உட்காரும். போரும் பேரிங் இருக்கையும் ஒரே மையத்தில் இருக்க வேண்டும் என்று டிராயிங்கில் இருந்தால், அந்த இரண்டையும் பிரிக்கவே கூடாது. ஒரே பிடியில் முடிக்க வேண்டும். நைஸ் வெட்டு, முரட்டு வெட்டுக்குப் பிறகுதான். மரை, துளைக்குப் பிறகுதான். அடிப்பக்கமும் பின் துளைகளும்தான் மற்ற எல்லா அளவுக்கும் ஆதாரம் என்பதால் அவை முதலில். இந்தக் கட்டுப்பாடுகளோடு உட்கார்ந்து பிரித்தால் ஐந்து நிலையம் இப்படி வரும்: அடிப்பக்கமும் பின் துளைகளும் ஏற்றி இறக்குவதோடு சேர்த்து 135 வினாடி, மேற்பக்கத்தின் இரண்டு வெட்டும் 180, பக்கப் பள்ளமும் எண் பொறிப்பும் 170, போரும் இருக்கையும் 150, துளையும் மரையும் 140.

காகிதத்தில் அழகாக இருக்கிறது. ஐந்து நிலையமும் சேர்ந்து 900 வினாடியில் 775 வினாடி வேலை செய்கின்றன, 86 விழுக்காடு. ஆனால் அதில் உலோகத்தை வெட்டுவது 650 மட்டுமே. இரண்டாம் நிலையத்துக்கு ஒரு வினாடி மூச்சு விடக்கூட இடமில்லை.

வேகம் நம் கையில் இருக்கிறது, விலையோடு

இனி மெஷினிங்குக்கே உரிய விஷயத்துக்கு வருவோம். அசெம்பிளியில் ஒரு வேலைக்கு 40 வினாடி என்றால் 40தான், மனிதக் கையை எவ்வளவு விரட்ட முடியும்? சி.என்.சி.யில் அந்த எண் புரோகிராமில் ஒரு வரி. வேகத்தை 20 விழுக்காடு கூட்டினால், வெட்டுவதற்கு மட்டும் 95 வினாடி எடுத்த முரட்டு வெட்டு 79க்கு இறங்கும். இரண்டாம் நிலையத்தின் நெருக்கடி தீர்ந்தது போலத் தெரியும்.

இதற்கு விலை உண்டு என்று 1907இலேயே எழுதி வைத்தவர் ஃபிரெடரிக் டெய்லர். 26 ஆண்டு உலோகம் வெட்டிப் பார்த்த பிறகு அவர் கொடுத்த சூத்திரத்தின் சாரம் இது: வேகம் கூடினால் டூலின் ஆயுள் அதே விகிதத்தில் குறையாது, அதைவிடப் பல மடங்கு வேகமாகக் குறையும். கார்பைடு இன்செர்ட்டுக்கு (டூலில் மாட்டி, தேய்ந்ததும் மாற்றும் வெட்டு முனை) வழக்கமாக எடுத்துக்கொள்ளும் எண்ணைப் போட்டால், ஆயுள் வேகத்தின் நாலாம் அடுக்குக்கு எதிராக ஓடும். வேகம் 20 விழுக்காடு கூடினால் நிமிடக் கணக்கில் ஆயுள் பாதிக்கும் சற்றுக் கீழே போய்விடும். ஒவ்வொரு பாகத்துக்கும் வெட்டும் நேரமும் குறைகிறது என்பதால், பாகக் கணக்கில் இழப்பு கொஞ்சம் குறைவு. ஒரு முனையில் 60 பாகம் வந்துகொண்டிருந்தால் இனி 35 வரும். இன்செர்ட் செலவு கிடக்கட்டும். இன்செர்ட் மாற்ற மெஷின் நிற்கும் தடவைகளும் அதே அளவில் கூடும். வினாடியில் மிச்சம் பிடித்ததை நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருப்போம்.

இதே சூத்திரத்தை மறுபக்கம் திருப்பிப் பார்ப்பவர்கள் குறைவு. போர் நிலையத்தில் 30 வினாடி சும்மா கிடக்கிறது. அங்கே வேகத்தை 10 விழுக்காடு குறைத்தால் 125 வினாடி வெட்டு 139 ஆகும், டாக்டுக்குள்தான் இருக்கும். முனை ஒன்றுக்கு 60 என்பது 82 ஆகும். லைனின் உற்பத்தியில் ஒரு பாகம்கூடக் குறையாது. ஆனாலும் எந்தப் பட்டறையிலும் எல்லா மெஷினையும் முடிந்த வேகத்தில் ஓடவிட்டு, முடித்துவிட்டு நிற்க வைப்பதைத்தான் பார்க்கலாம். “மெஷின் சும்மா நிக்குது” என்று மேலிருந்து சத்தம் வரும்போது புரோகிராமில் வேகத்தைக் குறைக்க யாருக்கும் துணிவு வராது. என்னைக் கேட்டால் லைன் பேலன்சிங்கில் காசில்லாமல் கிடைக்கும் லாபம் இதுதான், அதிகம் வீணாவதும் இதுதான்.

ஒரு எச்சரிக்கை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வேகத்தை மிகவும் குறைத்தால் உலோகம் முனையிலேயே அப்பிக்கொள்ளும். மேற்பரப்பு கெடும், அப்பியது பிய்யும்போது முனையையும் பிய்த்துக்கொண்டு போகும். டெய்லர் சூத்திரம் ஒரு எல்லைக்குள்தான் செல்லும். அந்த எல்லை டூல் கம்பெனி கேட்டலாகில் இருக்கும்.

நிற்கும் மெஷின்கள்

இதுவரை எல்லா மெஷினும் நிற்காமல் ஓடும் என்ற கற்பனையிலேயே பேசிவிட்டோம். ஒவ்வொன்றும் 95 விழுக்காடு நேரம் ஓடுகிறது என்று வையுங்கள். மோசமான எண் ஒன்றும் இல்லை. ஐந்தும் வரிசையில், நடுவே கையிருப்பே இல்லாமல் கட்டப்பட்டிருந்தால், ஐந்தும் ஒருசேர ஓடும் வாய்ப்பு 0.95ஐ ஐந்து முறை பெருக்கினால் வருவது, 0.77. பத்து மெஷின் வரிசைக்கு 0.60. மூன்று நிமிடத்துக்கு ஒன்று என்று கணக்குப் போட்ட நம் லைன் உண்மையில் ஏறத்தாழ நாலு நிமிடத்துக்கு ஒன்றுதான் தரும்.

மருந்து, நடுவே கொஞ்சம் பாகங்களைச் சேர்த்து வைப்பது. எவ்வளவு? வரிசையில் முன்னால் இருக்கும் மெஷின் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதைப் பொறுத்தது. இன்செர்ட் மாற்றி, முதல் பாகத்தை அளந்து பார்க்கப் பத்து நிமிடம் ஆகும் என்றால் 600 வினாடி. நாலு பாகம் இருந்தால் அடுத்து இருக்கும் மெஷினுக்கு அது தெரியவே தெரியாது. ஸ்பிண்டில் (டூலைச் சுழற்றும் தண்டு) பேரிங் போய் இரண்டு நாள் நின்றால் நாலும் உதவாது, நாற்பதும் உதவாது. அந்த மாதிரி நிறுத்தத்துக்காக டிரேடிரேயாக அடுக்கி வைப்பவர்கள், அளவு தவறிய பாகங்களையும் சேர்த்தே அடுக்கி வைக்கிறார்கள். தவறு கடைசி நிலையத்தில் தெரியவரும்போது நடுவே இருக்கும் அத்தனையும் சந்தேகப் பட்டியலில் சேரும்.

சரி, வரிசையே வேண்டாம் என்று விட்டுவிட்டால் என்ன? ஒவ்வொரு மெஷினும் முழுப் பாகத்தையும் செய்யட்டும். பாகத்தைத் திருப்பிக் காட்டும் நாலாம் அச்சு சுழலும் மெஷினாக இருந்தால், அடிப்பக்கமும் பின் துளைகளும் பக்கப் பள்ளமும் ஒரு பிடி, மற்றதெல்லாம் இன்னொரு பிடி. ஏற்றி இறக்குவது இரண்டே தடவை என்பதால் ஒரு பாகத்துக்கு 700 வினாடி. நாலு மெஷின் இருந்தால் 175 வினாடிக்கு ஒன்று வெளியே வரும். வரிசையில் ஐந்து கேட்ட வேலை இங்கே நாலில் முடிகிறது! பழைய 192 வினாடிக்கு இது வசதியான தீர்வாக இருந்திருக்கும். 180க்கு 5 வினாடிதான் இடைவெளி, 95 விழுக்காடு ஓட்டத்துக்கே அது தாங்காது. ஐந்தாவதையும் சேர்த்தால் 140 வினாடிக்கு ஒன்று. ஒரு மெஷின் நின்றாலும் மற்ற நாலும் தங்கள் பாட்டுக்கு ஓடும்.

அப்படியானால் வரிசையாக லைன் கட்டியவர்கள் எல்லோருக்கும் கணக்குத் தெரியாதா? தெரியும். அவர்கள் வேறு மெஷினை வைத்துக் கட்டினார்கள். கார் எஞ்சின் ஆலைகளில், பாகம் தானாகவே நிலையம் விட்டு நிலையம் நகரும் டிரான்ஸ்ஃபர் லைனில் ஒரு தலையில் பல ஸ்பிண்டில்கள் இருக்கும். நம் பன்னிரண்டு துளைகளும் ஒரே அழுத்தில் விழுந்துவிடும். 1920களில் கவென்ட்ரியில் மோரிஸ் எஞ்சின் ஆலை இந்த வழியில் இறங்கியது, 1951 வாக்கில் ஃபோர்டின் கிளீவ்லண்ட் எஞ்சின் ஆலை அதைப் பெரிய அளவில் செய்து காட்டியது. அங்கே பிரித்ததால் மொத்த நேரம் கூடவில்லை, மளமளவென்று சுருங்கியது. பதிலுக்கு அந்தத் தலை ஒரே ஒரு பாகத்துக்குத்தான் பயன்படும். ஸ்பிண்டில்கள் எல்லாம் சேர்ந்து ஒரே வேகத்தில் கீழே இறங்குவதால், அந்தத் தலையின் நேரம் அதிலுள்ள மெதுவான துளையின் நேரம். எந்தத் துளைகளை ஒரு தலையில் சேர்க்கலாம், எவை ஒன்றுக்கொன்று மிக நெருக்கம், எவற்றைச் சேர்க்கவே கூடாது என்பது தனிப் பெரிய கணக்கு. மின்ஸ்கின் குஷின்ஸ்கி, லெவின் ஆகியோரும் பிரான்சில் டோல்குயியும் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். பினாங்கில் அந்த அளவுக்கு ஒரே பாகத்தை வருடக்கணக்கில் கேட்கும் வாடிக்கையாளர் அபூர்வம். இங்கே இன்றைக்கு வால்வு பாடி, அடுத்த மாதம், சிப்பைச் சோதிக்கும் டெஸ்ட் ஹேண்ட்லர் மெஷினுக்கான பிளேட்.

முழுக்க இணையாக ஓடுவதிலும் தலைவலி உண்டு. ஐந்து மெஷினுக்கும் முழு டூல் செட் வேண்டும். இரண்டு பிடிக்கும் ஃபிக்ஸ்சர் என்றால் பத்து ஃபிக்ஸ்சர். ஒவ்வொரு மெஷினும் தனக்கென்று ஒரு அளவுப் போக்கு வைத்திருக்கும். காலையில் குளிர்ந்திருக்கும்போது ஒரு மாதிரி, மதியம் ஸ்பிண்டில் சூடேறிய பிறகு ஒரு மாதிரி. ஐந்தையும் தனித்தனியாக அளந்து, தனித்தனியாகத் திருத்த வேண்டும். அனுபவமுள்ள ஒரு செட்டர் ஐந்து மெஷினுக்கும் ஓடிக்கொண்டிருப்பார்.

நம் வால்வு பாடிக்கு நான் பரிந்துரைப்பது நடுவழி. முதல் பிடி வேலைகள் 245 வினாடி, அதற்கு இரண்டு மெஷின். இரண்டாம் பிடி 455 வினாடி, அதற்கு மூன்று. முதல் கட்டம் 122 வினாடிக்கு ஒன்று, இரண்டாம் கட்டம் 152க்கு ஒன்று. டாக்ட் 180 என்பதால் இரண்டுக்கும் மூச்சு விட இடம் இருக்கிறது. நடுவே ஒரு டிரே போதும். ஃபிக்ஸ்சர் ஐந்தே ஐந்து. இரண்டாம் கட்டத்தில் ஒன்று நின்றால் 227 வினாடிக்கு ஒன்று வரும், தேவையில் ஏறத்தாழ 79 விழுக்காடு. வரிசையாக இருந்தால் பூஜ்யம். குறை என்னவென்றால், ஒரு பாகம் வந்திருக்கக்கூடிய பாதைகள் இரண்டு பெருக்கல் மூன்று, ஆறு. அளவு தவறினால் எந்தப் பாதை என்று கண்டுபிடிக்க வேண்டும். எண் பொறிப்பில் மெஷின் எண்ணையும் சேர்த்துப் பொறித்துவிட்டால் அதுவும் சமாளிக்கக்கூடியதே.

இதையெல்லாம் கையால் போடுவதா என்று கேட்கலாம். பத்து வேலைக்குப் போடலாம். கட்டுப்பாடே இல்லாவிட்டால் பத்து வேலையை 3,628,800 வரிசையில் அடுக்கலாம். முன்பின் விதிகள் அதில் பெரும்பாலானவற்றை அடித்துவிடும். நாற்பது வேலை உள்ள பாகம் என்றால் கணினிக்கே எல்லாவற்றையும் எண்ணிப் பார்க்க நேரம் இருக்காது. 1961இல் ஹெல்கெசனும் பர்னியும் ஒரு எளிய வழி சொன்னார்கள்: ஒவ்வொரு வேலைக்கும் அதன் நேரத்தோடு, அதற்குப் பின்னால் காத்திருக்கும் எல்லா வேலைகளின் நேரத்தையும் கூட்டு, எது பெரியதோ அதை முதலில் நிலையத்தில் வை. எக்செல்லில் போட்டுவிடலாம், விடை மோசமாக இருக்காது. முழு எண் நிரலாக்கம் என்ற கணித முறையில் விடை தேடும் மென்பொருள்கள் அதைவிடச் சிறந்த விடை தரும், ஆனால் எந்த எண்ணைக் கொடுக்கிறோமோ அதற்குத்தான். கேம் (CAM, சி.என்.சி. புரோகிராம் எழுதித் தருவது) மென்பொருள் காட்டும் நேரத்தை அப்படியே எடுத்துப் போடுகிறவர்களைப் பார்க்கிறேன். மூலையில் மெஷின் வேகம் குறைந்து மறுபடி எடுப்பதையும் டூல் மாறும் நேரத்தையும் அது பல நேரம் குறைத்தே மதிப்பிடும். ஆள் கதவைத் திறந்து மூடுவது அதற்குத் தெரியவே தெரியாது. நைட் ஷிப்டில் ஸ்டாப்வாட்ச்சோடு நின்று எடுத்த எண்களை எக்செல்லில் போட்டால் கிடைப்பது, தவறான எண்களுக்கு மென்பொருள் தரும் கச்சிதமான விடையைவிட உருப்படியாக இருக்கும்.

கடைசியாக, ஆர்டர் குறைந்தால் என்ன ஆகும் என்பதையும் முதலிலேயே போட்டுப் பார்க்க வேண்டும். வாரத்துக்கு 1,800 என்பது 1,200 ஆனால் டாக்ட் 270 வினாடி. ஐந்து நிலைய வரிசையில், வேலையை மறுபடி பிரிக்காதவரை, ஐந்து மெஷினும் தேவைதான், எல்லாம் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு நேரம் சும்மா நிற்கும். நடுவழி அமைப்பில் முதல் கட்டத்துக்கு ஒன்று, இரண்டாம் கட்டத்துக்கு இரண்டு என்று மூன்று மெஷினில் வேலை முடிந்துவிடும். மீதி இரண்டிலும் ஃபிக்ஸ்சரைக் கழற்றிவிட்டு அடுத்த வாடிக்கையாளரின் பிளேட்டை ஏற்றலாம்.